சாமத்தில் சலத்துக்கு எழும்புகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் நீரிழிவை இன்னும் பலபேர் சலரோகம் என்றுதான் சொல்கிறார்கள். வருத்தத்தின் பெயரிலேயே சலம் இருக்கிறது. ஆனால் கிளினிக்குக்கு வந்தால் சலத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். சீனி எவ்வளவு, பிறசர் எவ்வளவு, எந்த முழங்கால் நோகிறது, எல்லாம் சொல்வார்கள். எழும்பிப் போகும்போது கதவு நிலையில் கையை வைத்துக்கொண்டு, "மிஸ்ஸி, இன்னொரு சின்ன விசயம்" என்று தொடங்குவார்கள். அந்தச் சின்ன விசயம்தான் இது. நான் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவள். கதவு நிலையில் நின்று கேட்டவர்களுக்கும், இப்போது வேலிக்கு மேலால் கேட்கிற அயலட்டைக்கும் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எத்தனை தரம் எழும்பினால் அது வருத்தம்?

நித்திரையில் சலம் முட்டி எழும்பி, போய்விட்டு வந்து திரும்பப் படுத்தால், ஒரு தரமானாலும் வைத்தியக் கணக்கில் அது இரவுச் சலம்தான். ஆனால் ஒரு தரத்துக்காகக் கவலைப்படத் தேவையில்லை. அறுபதைத் தாண்டியவர்களில் ஒரு தரம்கூட எழும்பாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரண்டு தரம் என்று வரும்போதுதான் பகலில் அலுப்பு, எரிச்சல், கோயிலில் இருந்தபடியே தூங்கி விழுவது எல்லாம் தெரியத் தொடங்கும். மூன்று, நான்கு என்றால் காரணம் தேடத்தான் வேண்டும். நித்திரை வராமல் புரளும்போது போவதும், விடிய எழும்பின கையோடு போவதும் இந்தக் கணக்கில் சேராது.

எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியம், முதல் எழும்பல் எத்தனை மணிக்கு என்பது. ஆழ்ந்த நித்திரையின் பெரும்பகுதி படுத்து முதல் மூன்று, நான்கு மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். பத்து மணிக்குப் படுத்தவர் பதினொன்றரைக்கு எழும்புவதும் இரண்டரைக்கு எழும்புவதும் ஒன்றல்ல. எண்ணிக்கை குறையாவிட்டாலும், முதல் எழும்பலைப் பின்னுக்குத் தள்ள முடிந்தால் விடிய முகம் வேறு மாதிரி இருக்கும்.

வயது போனால் இப்படித்தானே? ஏன் மினக்கெட வேணும்?

பாதி சரி. இளம் வயதில், இரவானதும் மூளையில் இருந்து வாசோபிரெசின் என்ற ஓமோன் கூடுதலாகச் சுரக்கும். அது சிறுநீரகத்துக்கு "இப்ப தண்ணியைப் பிடிச்சு வை" என்று சொல்லும். அதனால்தான் இருபது வயதுப் பெடியன் எட்டு மணித்தியாலம் கட்டை மாதிரிப் படுக்கிறான். வயது போகப் போக இந்த இரவுச் சுரப்புக் குறையும். சிறுநீரகத்தின் தண்ணீரைப் பிடித்து வைக்கும் திறனும் குறையும். 300 தொடக்கம் 500 மில்லிலீற்றர் வரை பிடிக்கிற சலப்பையும் முன்னைப்போல் பொறுக்காது.

மற்றப் பாதியில்தான் பிழை. வயது என்று சொல்லி விட்டுவிடுகிற இடத்தில் சலரோகம் ஒளிந்திருக்கும், இருதயப் பலவீனம் ஒளிந்திருக்கும், சில வேளை பிழையான நேரத்தில் போடுகிற ஒரு குளிசை ஒளிந்திருக்கும். அதில் பலதும் திருத்தக்கூடியது.

அப்ப முதல் என்ன செய்ய வேணும்?

அளக்க வேண்டும். எத்தனை தரம் என்பதோடு நிற்காமல், ஒவ்வொரு தரமும் எவ்வளவு என்று அளக்க வேண்டும். இதைச் சொன்னால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது பழகிவிட்டது.

ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் கழுத்தை வெட்டி எடுங்கள். குசினியில் இருக்கும் அளவுக் கோப்பையால் 50 மில்லிலீற்றராகத் தண்ணீர் விட்டு, ஒவ்வொரு மட்டத்திலும் பெயின்ற் பேனையால் கோடு போடுங்கள். அதைக் கொண்டுபோய் மலசலகூடத்தில் வைத்துவிடுங்கள். குசினிக்குத் திரும்பி வராதபடி வீட்டில் எல்லாருக்கும் சொல்லியும் விடுங்கள். ஒரு பழைய கொப்பியில் மூன்று நாளுக்கு நேரம், அளவு, என்ன குடித்தது, எத்தனை மணிக்குப் படுத்தது என்று எழுதுங்கள். மூன்று நாளும் அடுத்தடுத்து இருக்கத் தேவையில்லை. கலியாண வீட்டுக்குப் போகும் நாளை விட்டுவிடலாம்.

பிறகு கூட்டுங்கள். நித்திரைக்குப் போனதன் பின் வந்ததையும் விடிய எழும்பியதும் போகிற முதல் சலத்தையும் (எண்ணிக்கையில் சேராவிட்டாலும் அளவில் சேரும்) சேர்த்தது இரவுக் கணக்கு. படுக்க முன் போனது பகல் கணக்கு. இந்த இடத்தில்தான் எல்லோரும் பிழை விடுவார்கள்.

ஒரு கொப்பி இப்படி இருக்கும். காலை 8 மணிக்கு 250, 11.30க்கு 200, 3 மணிக்கு 200, 6.30க்கு 150, படுக்க முன் 150. இது 950. இரவு 12.20க்கு 350, 2.45க்கு 300, விடிய 5.30க்கு 300. இதுவும் 950. மொத்தம் 1900இல் சரிபாதி இரவில் வந்திருக்கிறது. 65 வயது தாண்டியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வரை இரவில் வரலாம். இளம் ஆட்களுக்கு ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே இந்தக் கொப்பிக்காரரின் சலப்பையில் பிழை இல்லை, 350ஐத் தாராளமாகப் பிடித்திருக்கிறது. பிழை, இரவில் சலம் கூடுதலாக உற்பத்தியாவதில்.

இன்னொரு கொப்பி. இரவில் 90, 110, 70, 80, விடிய 150. கூட்டினால் 500தான். மொத்தம் 1600. இவர் நாலு தரம் எழும்பியிருக்கிறார், ஆனால் இரவு உற்பத்தி சாதாரணம். சலப்பை கொஞ்சத்தையே பிடிக்கிறது, அல்லது முழுக்க வெறுமையாகவில்லை, அல்லது அவர் வேறு காரணத்தால் விழித்துவிட்டு "எழும்பினதுக்குப் போவம்" என்று போகிறார்.

மூன்றாவது வகைக்கு இரவும் கூட, பகலும் கூட. நிறையில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிலீற்றருக்கு மேல், அதாவது 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 2400க்கு மேல் போகும். இவர் வேறு எதையும் யோசிக்க முன் இரத்தத்தில் சீனியைப் பார்க்க வேண்டும்.

முன்வீட்டு அண்ணைக்குச் சரிவந்த வைத்தியம் உங்களுக்குச் சரிவராமல் போவதற்குக் காரணம் இதுதான். எழும்பும் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும், கொப்பி வேறாக இருக்கும்.

பின்னேரத்தோடு தண்ணீரை நிற்பாட்டினால் காணாதா?

சிலருக்குக் காணும். ஆனால் நிற்பாட்டுவதைவிட நேரம் மாற்றுவது நல்லது. எங்கள் தோட்டக்காரரைப் பாருங்கள். செம்மண்ணில் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறி, வெயிலில் நின்று, பகல் முழுக்க ஒரு செம்புத் தண்ணீரோடு சமாளிப்பார்கள். பின்னேரம் கிணற்றடியில் குளித்து வந்து, சாய்ந்திருந்து, பகல் குடிக்காததெல்லாம் சேர்த்துக் குடிப்பார்கள். பிறகு தேத்தண்ணி, இரவுச் சாப்பாட்டோடு சொதி. வெங்காயத்துக்கு விடியவே தண்ணீர், தனக்குப் பொழுதுபட்ட பிறகு!

குடிக்கிறதில் பெரும்பகுதியைப் பின்னேரம் நாலு, ஐந்து மணிக்குள் முடியுங்கள். படுக்க இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு முதல் நிறுத்துங்கள். குளிசை விழுங்க ஒரு மிடறு, தொண்டை நனைக்க ஒரு மிடறு பரவாயில்லை. மொத்த அளவைக் குறைக்காதீர்கள். எங்கள் வெயிலுக்கு அது சிறுநீரகக் கல்லில் கொண்டுபோய் விடும். சலம் கடும் மஞ்சளாகி எரிவெடுக்கும்.

தேத்தண்ணியையும் கோப்பியையும் தனியே சொல்ல வேண்டும். கஃபீன் சலத்தையும் கூட்டும், சலப்பையையும் உசுப்பும், நித்திரையையும் கெடுக்கும். உடம்பில் அதன் பாதி கழியவே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் ஆகும். ஏழு மணிக்கு ஊற்றிய சாயம் கூடின தேத்தண்ணியின் பாதி, சாமம் பன்னிரண்டுக்கும் உள்ளே இருக்கிறது. ஆறு மணிச் செய்தியோடு தேத்தண்ணி இல்லாமல் இருக்க முடியாது என்பவர்கள் மல்லித்தண்ணிக்கு மாறலாம், ஆனால் அரைக் கோப்பை. கள்ளும் சாராயமும் நித்திரையைத் தரும் என்று நம்புகிறவர்களுக்கு: தரும், இரண்டு மணிக்குத் திருப்பி வாங்கும்.

வத்தகப்பழம், இளநீர், கஞ்சி, ஒடியல் கூழ் எல்லாம் தண்ணீர்க் கணக்குத்தான். கூழ் இரண்டு தரம் கணக்கில் வரும். அது தண்ணீரும் உப்பும் சேர்ந்தது.

உப்புக்கும் சலத்துக்கும் என்ன சம்பந்தம்?

நான் நினைத்திருந்ததைவிட நிறைய. உப்பைக் கழிக்கச் சிறுநீரகத்துக்குத் தண்ணீர் வேண்டும். பகலில் கழித்து முடியாத உப்பை இரவில் கழிக்கும். 2017இல் ஜப்பானின் நாகசாகியில் இருந்து ஓர் ஆய்வு வந்தது. உப்புக் கூடுதலாகச் சாப்பிட்டு, நித்திரையும் குழம்பினவர்களுக்கு ஆலோசனை சொல்லி உப்பைக் குறைக்க வைத்தார்கள். நாளொன்றுக்கு 10.7 கிராமில் இருந்து 8 கிராமுக்கு இறக்கியவர்கள், இரவில் சராசரி 2.3 தரம் எழும்பியது 1.4 ஆகக் குறைந்தது. உப்புக் கூட்டினவர்களுக்கு எழும்பலும் கூடியது. குளிசை ஒன்றும் இல்லாமல் இவ்வளவு.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குள். தட்டையாக ஒரு தேக்கரண்டி. இனி எங்கள் இரவுக் கோப்பையைப் பாருங்கள்: புட்டு, கருவாட்டுக் குழம்பு, பொரித்த மோர்மிளகாய், ஓரத்தில் ஊறுகாய். அந்தத் தேக்கரண்டி அந்த ஒரு கோப்பையிலேயே முடிந்துவிடும். கருவாட்டை விடச்சொல்ல எனக்கே மனம் வராது. மத்தியானத்துக்கு மாற்றுங்கள். இரவுக்கு உப்புக் குறைந்த மரக்கறியும் இடியப்பமும் போதும். கடை மிக்சரையும் பாணையும் மறக்க வேண்டாம், இரண்டிலும் உப்பு இருக்கிறது.

பின்னேரம் கால் வீங்குது, இரவில் வற்றுது. அதுக்கும் இதுக்கும் தொடர்பு உண்டோ?

உண்டு. இந்தப் பக்கத்திலேயே ஒரு பதிலை மட்டும் வாசிப்பதானால் இதை வாசியுங்கள்.

பகலில் நிற்கிறோம், கதிரையில் காலைத் தொங்கப்போட்டு இருக்கிறோம். தண்ணீர் இறங்கிக் கணுக்காலில் தேங்குகிறது. இரவு காலை நீட்டிப் படுத்தவுடன் அந்தத் தண்ணீர் இரத்தத்துக்குத் திரும்பி ஏறுகிறது. சிறுநீரகத்துக்கு அது நீங்கள் படுக்கையில் வைத்துக் குடித்த தண்ணீர் மாதிரித்தான். "ஆறு மணிக்குப் பிறகு பச்சைத்தண்ணி பல்லில் படேல்லை, எங்கை இருந்து வருகுது?" என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: காலில் இருந்து வருகிறது.

பின்னேரம் ஐந்து மணிக்குக் கணுக்காலுக்கு மேல், முன்எலும்பில் பெருவிரலால் பத்து விநாடி அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்த பிறகு குழி நின்றால் அங்கே தண்ணீர் இருக்கிறது. காலுறையின் விளிம்பு தழும்பு போட்டிருந்தாலும் அப்படித்தான்.

செய்ய வேண்டியது, அந்தத் தண்ணீரைப் படுக்க முதலே ஏற்றி வெளியே அனுப்புவது. பின்னேரம் மூன்று, நாலு மணியளவில் ஒரு மணித்தியாலம், கால் நெஞ்சு மட்டத்துக்கு வரும்படி படுத்திருங்கள். காலுக்குக் கீழே இரண்டு தலையணை. எங்கள் பழைய சாய்மனைக் கதிரைகளின் கையில், வெளியே இழுத்துவிடுகிற நீட்டுச் சட்டம் இருக்கும் அல்லவா? காலைத் தூக்கிப் போடத்தான் அது. அப்புமார் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு அதில் சாய்ந்திருந்தது சோம்பல் என்று நினைத்தோம். அந்தக் கதிரையை விறகுக் கொட்டிலில் போட்டுவிட்டு, பிளாஸ்ரிக் கதிரையில் காலைத் தொங்கப்போட்டு ஆறில் இருந்து ஒன்பது வரை நாடகம் பார்க்கிறோம். கால் வீங்காமல் என்ன செய்யும்?

படுத்து எழும்பி ஒழுங்கையில் ஒரு நடை போய் வாருங்கள். கெண்டைக்கால் தசை வேலை செய்தால் தண்ணீர் மேலே ஏறும். ஏழு, எட்டு மணிக்குள் இரண்டு தரம் நன்றாகச் சலம் போகும், அதுதான் வேண்டியது. இறுக்கக் காலுறையும் உதவும், ஆனால் எங்கள் புழுக்கத்தில் அதை ஒரு கிழமைக்கு மேல் போட்ட ஆளை நான் இன்னும் காணவில்லை. சலரோகக்காரர் காலின் இரத்த ஓட்டத்தைப் பார்ப்பிக்காமல் அதைப் போடவும் கூடாது.

ஒரு கால் மட்டும் வீங்கி நோகிறது, அல்லது மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் தலையணை வைத்தியம் வேண்டாம். நேரே டொக்டரிடம் போங்கள்.

நான் போடுற குளிசைகளால் இருக்குமோ?

நல்ல கேள்வி. பை முழுக்கக் குளிசையோடு வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது நேரத்தை.

‘சலம் போற குளிசை’ என்று நாங்கள் சொல்லும் ஃபுரோசமைட் போன்றவை போட்டு ஆறு மணித்தியாலம் வரை வேலை செய்யும். நாளுக்கு இரண்டு தரம் என்று எழுதியிருந்தால் எங்கள் ஆட்கள் காலையும் இரவும் என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது குளிசை பெரும்பாலும் மத்தியானம் கழிந்து இரண்டு மணியளவில் போட வேண்டியது. இதை எழுதும் எனக்கே அது நடந்தது. என் அம்மாவின் இரவுக் குளிசைகளை ஒரு சின்னப் பேணியில் போட்டு வைப்பது என் வேலை. இரண்டு மாதமாக அந்தப் பேணிக்குள் இதுவும் கிடந்தது. அம்மா இரவில் ஐந்து தரம் எழும்பினார், நான் வயது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். டொக்டரிடம் கேட்டு நேரம் மாற்றியதும் இரண்டு தரமாகியது.

பிறசருக்குப் போடும் அம்லோடிபின், நிஃபெடிபின் சிலருக்குக் காலை வீங்க வைக்கும். வீங்கிய கால் இரவில் என்ன செய்யும் என்று மேலே சொன்னேன். சலரோகத்துக்கான எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் சீனியைச் சலத்தோடு வெளியேற்றித்தான் வேலை செய்கின்றன, ஆகவே சலம் கூடும். எதையும் நீங்களாக நிறுத்தவோ நேரம் மாற்றவோ வேண்டாம். ‘இதை எத்தனை மணிக்குப் போட வேணும்?’ என்று கேளுங்கள். கேட்டால் ஒருவரும் ஏச மாட்டார்கள்.

இது சலரோகமா என்று எப்படித் தெரியும்?

இரத்தப் பரிசோதனையால் மட்டும். இரத்தத்தில் சீனி டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைப் பிடித்து வைக்க முடியாது. சீனி சலத்தில் இறங்கும், தண்ணீரையும் இழுத்துக்கொண்டு இறங்கும். சலத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துக் கண்டுபிடித்த காலம் ஒன்று இருந்தது. அதுவரை காத்திருக்க வேண்டாம். வெறுவயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், அல்லது எச்.பி.ஏ.1.சி (கடந்த இரண்டு, மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) 6.5 வீதம் அல்லது அதற்கு மேல் என்றால் சலரோகம். தாகம், மெலிவு, புண் ஆறாமை கூட இருந்தால் நாளைக்கே போங்கள். அரச வைத்தியசாலைகளில் காசில்லாமல் பார்ப்பார்கள்.

இவர் குறட்டை விடுறார், சாமத்தில் மூச்சு நிற்கிற மாதிரி இருக்கு. சலத்துக்கும் எழும்புறார்.

இரண்டும் ஒரே வருத்தமாக இருக்கலாம். மூச்சுக்குழல் அடைபடும்போது அவர் அடைப்புக்கு எதிராக மூச்சை இழுக்கிறார். அந்த இழுவையில் இருதயம் விரிகிறது. விரிந்ததும் அது "உடம்பில் தண்ணி கூடிப்போச்சு" என்று பிழையாக விளங்கி, சலத்தைக் கூட்டும் ஓமோனை விடுகிறது. இதை ஆட்கள் நம்ப மாட்டார்கள்: மூக்கில் காற்றுத் தள்ளும் மெசினைப் போட்டு நித்திரை கொண்டால் சலத்துக்கு எழும்புவது குறைகிறது. நிறை குறைத்தாலும் குறையும். மூச்சு நிற்பதைப் பார்த்தவர் நீங்கள்தான், படுத்தவருக்குத் தெரியாது. கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போய்ச் சொல்லுங்கள்.

ஆண்களுக்கு புரஸ்டேற்தானே காரணம்?

அப்படித்தான் எல்லோரும் வருகிறார்கள். சலம் தொடங்கக் காத்திருக்க வேண்டும், தாரை மெலிவு, முடிந்த பிறகும் சொட்டு, முழுக்கப் போகாத மாதிரி ஓர் உணர்வு என்றால் புரஸ்டேற் வீக்கத்தைப் பார்க்க வேண்டும். டாம்சுலோசின் போன்றவை சலப்பையின் கழுத்துப் பகுதியைத் தளர்த்தும், சில நாள், சில கிழமையில் பலன் தெரியும். முதல் நாட்களில் சட்டென்று எழும்பினால் தலை சுற்றும். சுரப்பியைச் சுருக்கும் ஃபினாஸ்ரரைட் வகைக்கு ஆறு மாதம் வரை பொறுக்க வேண்டும்.

ஆனால் கொப்பி முதலாவது வகையாக இருந்தால், ஒவ்வொரு தரமும் 300, 350 என்று வந்தால், புரஸ்டேற்றைத் திருத்தினாலும் எழும்பல் அதிகம் குறையாது. ‘ஒப்பரேசன் செய்தும் அப்படியே இருக்கு’ என்று மனம் வெறுத்தவர்களில் பலர் இந்த வகைதான். வெட்ட முதல் அளந்திருக்கலாம்.

தடிமனுக்குக் கடையில் கேட்டு வாங்கும் குளிசைகளில் கவனம். புரஸ்டேற் வீங்கியவருக்கு அவற்றில் சில சலத்தை முழுக்க அடைத்துவிடும்.

பெண்களுக்கு?

பெண்கள் கதவு நிலையில்கூடக் கேட்பதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து சலவழியும் சலப்பையும் எளிதில் உசும்பும், தொற்றும் அடிக்கடி வரும். சிலருக்கு உள்ளே பூசும் ஈஸ்ட்ரோஜன் கிறீம் நல்ல பலன் தரும். பல பிள்ளைப்பேறு கண்டவர்களுக்கு, சலப்பையைக் கீழிருந்து தாங்கும் அடித்தசை தளர்ந்து, கர்ப்பப்பை இறங்கியும் இருக்கலாம்.

அடித்தசைப் பயிற்சி எளிது. காற்றுப் பிரியாமல் அடக்குவது போல் உள்ளே இறுக்கி, ஐந்து விநாடி பிடித்து, பிறகு அதே அளவு நேரம் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குப் பத்து, நாளுக்கு மூன்று தடவை. வயிறும் தொடையும் இறுகக்கூடாது, மூச்சை அடக்கக்கூடாது. தேங்காய் திருவும்போதும் பஸ்சுக்கு நிற்கும்போதும் செய்யலாம், ஒருவருக்கும் தெரியாது. மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். சலம் போகும்போது இடையில் நிறுத்திப் பழகுவது மட்டும் வேண்டாம்.

சலத்துக்கு எழும்புறேனா, எழும்பினதால் சலம் வருகுதா?

விழித்த கணத்தில் எது முதல் என்று பாருங்கள். முட்டி, அவசரமாக விழித்தால் சலம். கண் விழித்து, கூரையைப் பார்த்து, மகன் கனடாவில் இருந்து ரெலிபோன் எடுக்காததை யோசித்து, பிறகு ‘போயிட்டு வருவம்’ என்றால் அது நித்திரைக் குழப்பம். கொப்பியில் 80, 100 என்று சின்ன அளவாக இருக்கும்.

இவர்கள் பகல் நித்திரையை அரை மணித்தியாலத்துக்குள் சுருக்க வேண்டும். பின்னேரம் காலைத் தூக்கிப் படுக்கும் நேரத்தில் நித்திரை கொள்ளவும் கூடாது, றேடியோ கேளுங்கள். எட்டு மணிக்கே படுக்கப் போவதை விடுங்கள். எட்டுக்குப் படுத்தால் மூன்று மணிக்கு நித்திரை முடிந்துவிடும், அது வருத்தம் இல்லை, கணக்கு. போய் வந்ததும் போனைத் தொட வேண்டாம். நேரம் பார்க்கத்தான் எடுப்பீர்கள், வட்ஸ்அப்பில் அரை மணித்தியாலம் போகும்.

படுக்க முதல் இரண்டு தரம் போகச் சொல்லுகினம். சரியோ?

சரி. போய்விட்டு, பல்லைத் தீட்டி, சாமி கும்பிட்டு, திரும்ப ஒருமுறை ஆறுதலாக இருந்து போங்கள். மிச்சம் இருந்தால் வரும். முக்க வேண்டாம்.

பகலில் அவசரம் அவசரமாக ஓடுகிறவர்களுக்கு வேறு பயிற்சி. முட்டும்போது உடனே ஓடாமல், இருந்த இடத்தில் அடித்தசையை இறுக்கி, ஐந்து நிமிடம் தள்ளிப் போட்டுப் போங்கள். கிழமைக்குக் கிழமை அந்த இடைவெளியைக் கூட்டுங்கள். சலப்பையும் பிள்ளை மாதிரித்தான், அழுதவுடன் தூக்கினால் பழகிவிடும். மலச்சிக்கல் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். நிரம்பிய குடல் சலப்பையை நெருக்கும்.

நிற்பாட்ட ஒரு குளிசை இல்லையோ?

இருக்கிறது. எல்லோருக்கும் இல்லை. அவசரச் சலப்பைக்கு சொலிஃபெனசின், மிராபெக்ரோன் வகைகள் உண்டு. முதலாவது வகை வாயைக் காய வைக்கும், முதியவர்களுக்கு மாறாட்டமும் வரலாம். இரவு உற்பத்தியைக் குறைக்க டெஸ்மோபிரெசின் என்று, நான் முதலில் சொன்ன ஓமோனின் நகல் ஒன்று உண்டு. அது இரத்தத்தில் சோடியத்தை இறக்கிவிடும். சோடியம் இறங்கினால் தலையிடி, மாறாட்டம், வலிப்பு வரை போகும். 65 தாண்டியவர்களுக்கு ஆபத்துக் கூட. சோடியத்தைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். வெளிநாட்டில் இருந்து உறவினர் அனுப்பினார் என்று போடுகிற மருந்து இல்லை இது.

நெருஞ்சில் அவித்துக் குடிக்கலாமோ?

நெருஞ்சில், சிறுபீளை, நீர்முள்ளி எல்லாம் சித்த வைத்தியத்தில் சலத்தைப் பெருக்கக் கொடுப்பவை. சலத்துக்கு நல்லது என்று கேள்விப்பட்டு இரவு படுக்க முன் ஒரு கோப்பை குடித்தால் என்ன நடக்கும்? குடிப்பதானால் கைதடி சித்த வைத்தியசாலை போல படித்தவர்கள் இருக்கும் இடத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் நேரத்தில் குடியுங்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் இரு தரப்பு வைத்தியரிடமும் சொல்ல வேண்டும்.

எங்கட மலசலகூடம் வளவுக்குப் பின்னால். இருட்டில் போகப் பயமா இருக்கு.

பயம் நியாயமானது. இரவுச் சலத்தால் வரும் பெரிய கேடு நித்திரை இழப்பு இல்லை, விழுந்து இடுப்பெலும்பு முறிவது. கிணற்றடிப் பாசி, வாசற்படி, குறுக்கே படுத்திருக்கும் நாய், மழைக்காலத்தில் புடையன். அறைக்குள் ஒரு சலப்போத்தலோ, கொமோட் கதிரையோ வைப்பதில் வெட்கம் என்ன? குந்தி எழும்ப முடியாத முழங்காலுக்கும் அது உதவும். வெளியே போகத்தான் வேண்டும் என்றால் ரோர்ச் தலைமாட்டில் இருக்கட்டும், வழியில் ஒரு சின்ன லைற் விடியும்வரை எரியட்டும், செருப்புப் போடுங்கள், சாரத்தை உயர்த்திக் கட்டுங்கள். எழும்பியதும் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் இருந்துவிட்டு நடவுங்கள். ஆண்களும் இரவில் நிற்காமல், இருந்துகொண்டு போவது நல்லது. நின்றபடி போகும்போது பிறசர் இறங்கி மயங்கி விழுகிறவர்கள் உண்டு.

எப்ப உடனே ஓட வேணும்?

சலம் முட்டி நோகிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் அந்த இரவே. விடியட்டும் என்று இருக்க வேண்டாம், 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் விலா நோவும், சலத்தில் இரத்தம், திடீரென்று கால் விறைத்துச் சலம் கட்டுப்பாடில்லாமல் போவது, இவையும் காத்திருக்காது. எரிவு மட்டும் என்றால் அடுத்த நாள் சலப் பரிசோதனைக்குப் போகலாம்.

மற்றவர்கள் ஆறுதலாகப் போகலாம். போகும்போது கொப்பியையும் போடுகிற எல்லாக் குளிசையையும் கொண்டு போங்கள். டொக்டருக்கு உங்களோடு கதைக்க ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது. மூன்று நாள் கொப்பி அந்த ஐந்து நிமிடத்தை அரை மணித்தியாலமாக்கும். கதவு நிலைக்கு வரும்வரை வைத்திருக்காமல், இருந்தவுடன் முதலில் நீட்டுங்கள்.

கொழும்புக்கு இரவு பஸ்சில் போக வேணும். என்ன செய்யிறது?

நானூறு கிலோமீற்றர், காலைத் தொங்கப்போட்டபடி. ‘மத்தியானத்தில் இருந்து ஒண்டும் குடிக்கேல்லை’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு ஏறுவார்கள். காலை முழுக்கக் குடியுங்கள், மூன்று மணிக்குக் காலைத் தூக்கிப் படுங்கள், பின்னேரத் தேத்தண்ணியை விடுங்கள், பஸ் ஏற முதல் இரண்டு தரம் போங்கள். நடைவழி ஓரத்துச் சீற் எடுத்து, ஏறும்போதே கொண்டக்ரரிடம் சொல்லி வையுங்கள். எங்கள் பக்கத்துப் பெடியள்தான், இடையில் நிற்பாட்டித் தருவார்கள். சாப்பாட்டுக் கடையில் பஸ் நிற்கும்போது முட்டாவிட்டாலும் இறங்கிப் போங்கள், அங்கே கொத்துரொட்டியும் பிளேன்ரீயும் வேண்டாம். என்னைக் கேட்டால் ரயில். அதில் மலசலகூடம் இருக்கிறது, ஆடினாலும்.